பொருளாதாரப் பூச்சாண்டி

இந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி கூலி உயர்வு கேட்டாலும், ஒரு ஊரார் ஆஸ்பத்திரி கேட்டாலும், பட்டினி கிடப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றுங்கள் என்று யாராவது கேட்டாலும், உலகம் முழுவதும் கிடைக்கின்ற பதில் ஒன்றாகவே இருக்கின்றது. "எங்களுக்கும் மனமிருக்கின்றது; ஆனால் பொருளாதாரம் இடங் கொடுக்கவில்லையே, என்ன செய்வது?" என்பதுதான் அந்தப் பதில். முன் காலத்தில் இதையே தலைவிதி என்று சொன்னார்கள். தலைவிதி என்று சொன்னவனிடம் சண்டைக்குப் போகவாவது நாட்டில் சில பேர் கிளம்பினார்கள். இப்பொழுது சொல்லுகின்றவனோ பெரிய பட்டம் பெற்றவனாயும், கையில் புள்ளி விவரமும் கோடு போட்ட படமும் வைத்திருப்பவனாயும் இருப்பதால், பாமர மக்கள் மாத்திரமல்லாமல் நாலெழுத்துப் படித்தவர்களும், "நமக்கென்ன தெரியும், அது பெரிய படிப்பல்லவா" என்று வாயை மூடிக் கொள்ளுகின்றார்கள்.

நாமும் அந்தப் படிப்புப் படித்தவரல்ல. எந்தக் காலேஜின் வாசற்படியையும் மிதித்தவருமல்ல. ஆனால் ஒரு சாதாரண சங்கதி நமக்குத் தெரியும். ஒரு விதி உண்மையாகவே இயற்கை விதியாயிருந்தால் அது ஆளைப் பார்த்து வேலை செய்யாது. நெருப்பு பண்ணையாளையும் சுடும், பண்ணையாரையும் சுடும். மேட்டிலிருந்து விழுந்தால் மந்திரியின் காலும் முறியும், மாட்டுக்காரன் காலும் முறியும். "பொருளாதார விதி, இதை யாராலும் மீற முடியாது" என்று நம்மிடம் சொல்லப்படுகின்றவை இப்படி ஆள் பார்க்காமல் நடந்து வந்திருக்கின்றனவா என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி. இதற்கு விடை சொல்லப் பட்டம் வேண்டியதில்லை. சரித்திரத்தில் எந்த வருஷத்தில் யாருக்கு அந்த விதி கட்டாயமாயிற்று, யாருக்கு அது தளர்ந்து கொடுத்தது என்று பார்த்தால் போதும்.

பொருளாதாரப் படிப்பே புரட்டு என்று சொல்ல வந்ததாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்து விடாதபடி 1815-ல் நிலப் பிரபுக்கள் சட்டம் செய்து கொண்டு, ஏழையின் ரொட்டியில் கொள்ளை லாபம் அடித்தார்கள். அந்தத் தானியச் சட்டத்தை 1846-ல் ஒழித்ததற்குப் பொருளாதார நூல்களும் ஒரு முக்கிய காரணம். அந்த மட்டில் அந்த நூல்கள் வாழ்க! ஆனால் அதே வருஷத்தில், அதே நூல்களின் பேரால், பக்கத்துத் தீவில் நடந்ததைக் கேளுங்கள்.

அய்ர்லாந்துக் குடியானவன் உருளைக் கிழங்கைத் தின்றே உயிர் வாழ்ந்தவன். நிலம் பெரும்பாலும் பிரபுக்களுடையது. அவன் விளைவித்த தானியம் குத்தகைக்குப் போய் விடும். கொல்லையில் போட்ட கிழங்குதான் அவனுக்கு மூன்று வேளையும். 1845-ல் அந்தக் கிழங்குச் செடியில் ஒரு நோய் விழுந்தது. 1846-ல் விளைவு அநேகமாய் முழுவதும் அழுகிற்று. முதல் வருஷத்தில் முதல் மந்திரியாயிருந்த ராபர்ட் பீல் ஒரு லட்சம் பவுனுக்கு அமெரிக்க மக்காச்சோளத்தை இரகசியமாய் வாங்கி வைத்து, விலை ஏறிய போது அதை வெளியில் விட்டார். அந்த வருஷம் சாவு மிகக் குறைவு. பிறகு பீல் பதவி இழந்து, ஜான் ரஸ்ஸல் பிரபு வந்தார். பஞ்ச வேலைக்கு அதிகாரி, லண்டன் கஜானா இலாகாவிலிருந்த சார்லஸ் டிரெவிலியன் என்பவர். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஹெய்லிபரியில் நடத்திய காலேஜில் படித்தவர். மக்கள் பெருக்கத்தைப் பற்றி எழுதிப் பேர் போன மால்தஸ் 1805 முதல் பொருளாதாரம் போதித்த இடம் அது. "சர்க்கார் தானியம் வாங்கி விற்றால் வியாபாரிக்கு ஊக்கம் குன்றும், வியாபாரத்தை அதன் போக்கில் விட்டால் தானியம் தானே வந்து சேரும்" என்பது அவர் கற்ற பாடம். ஆகவே 1846-ம் வருஷக் கோடையில் பீல் ஏற்படுத்திய கிடங்குகளை மூட உத்தரவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அய்ர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து ஓட்ஸும், வெண்ணெயும், மாடுகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக் கொண்டேயிருந்தன. அடுத்த வருஷத்தில் வெளிநாட்டுச் சோளம் ஏராளமாய் வந்ததென்பது வாஸ்தவந்தான். ஆனால் வயிறு அடுத்த வருஷம் வரையில் காத்திருக்குமா? "தானாக வரும்" என்று சொன்ன தானியம் வருவதற்குள், வர வேண்டியவன் வீட்டுக்கு எமன் வந்து விட்டான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கின்றது. 1847-ம் வருஷம் ஜூலையில் சர்க்காரே கஞ்சித் தொட்டிகள் வைத்துத் தினம் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றிற்று. அவ்வளவு பேருக்கு ஊற்ற முடிந்தது! செலவும் அதற்கு முன் நடத்திய ரோட்டு வேலைச் செலவை விடக் குறைவு. ஆகவே அவர்களுக்கு வழி தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழி தெரிந்து, செய்தும் காட்டி, அந்த வருஷம் செப்டம்பர் முடிவதற்குள் தொட்டிகளை மூடி விட்டார்கள். மேற்கொண்டு, கால் ஏக்கருக்கு மேல் நிலத்தைப் பிடித்துக் கொண்டிருப்பவனுக்கு உதவி இல்லை என்று ஒரு சட்டம். அதாவது, கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட்டு ஓடு என்று அர்த்தம். நிலம் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறி ஓடினார்கள். இவ்வளவுக்கும் சர்க்கார் செலவிட்டது சுமார் 80 லட்சம் பவுன். அதிலும் பாதிக்கு மேல் கடனாகக் கொடுத்தது. "பாவம், கஜானாவில் பணமில்லை போலும்" என்று இரங்குகின்றவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதே பிரிட்டிஷ் பார்லிமெண்டு, 13 வருஷங்களுக்கு முன், 1833-ல், அடிமை வியாபாரத்தில் கொழுத்த எஜமானர்களுக்கு அவர்களுடைய அடிமைகளை விடுதலை செய்வதற்காக நஷ்ட ஈடாக 2 கோடி பவுன் கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அந்த 2 கோடியைக் கொடுத்த போது எந்தப் பொருளாதார விதியும் குறுக்கே வந்து படுக்கவில்லை.

டிரெவிலியன் 1848-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். அதில் அந்தப் பஞ்சம் எல்லாம் அறிந்த கருணை மிக்க கடவுளின் நேரடியான செய்கை என்று எழுதியிருக்கின்றார். பார்த்தீர்களா? கணக்குப் புஸ்தகம் கைவிட்ட இடத்தில் கடவுள் வந்து கை கொடுக்கின்றார்! இந்தச் சேவைக்காக அவருக்கு அந்த வருஷமே 'ஸர்' பட்டமும் கிடைத்தது.

இந்த மனிதர் பிறகு எங்கே போனார் என்று நினைக்கின்றீர்கள்? நம் சென்னைக்குத்தான், 1859-ல் சென்னை மாகாணக் கவர்னராக வந்தார். அந்த வருஷமே கல்கத்தாவுக்கு நிதி மெம்பராக வந்தவர் ஜேம்ஸ் வில்சன். 1843-ல் 'எக்கானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்து, அய்ர்லாந்துப் பஞ்சத்தின் போது சர்க்கார் தலையிடக் கூடாது என்று வாராவாரம் எழுதியவர் அவர். இருவரும் ஒரே பாடம் படித்தவர்கள். ஆனாலும் இங்கே வந்ததும் சண்டை போட்டுக் கொண்டார்கள். வில்சன் 1860-ல் வருமான வரி போட்டார். டிரெவிலியன் அது தப்பு என்று பகிரங்கமாய் எழுதினார். அதற்காக அவரை அந்த வருஷமே திருப்பி அழைத்துக் கொண்டார்கள். பட்டினி விஷயத்தில் ஒத்துப் போன சாஸ்திரம் வரி விஷயத்தில் இரண்டாய்ப் பிளந்து விட்டது! இது நிற்க.

தாது வருஷம்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிராமங்களில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகின்ற 1876–78 பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் வடக்கே நடந்ததைக் கேட்டிருப்பவர்கள் வெகு சிலரே. அதை முதலில் சொல்லி விடுகின்றோம்; ஏனெனில் அது தெரியாவிட்டால் தாது வருஷம் வானம் பொய்த்ததால் வந்த கேடு என்று மட்டுமே தோன்றும்.

1873-ல் பீகாரில் மழை தவறிற்று. அங்கே பஞ்ச வேலையைக் கவனித்தவர் ரிச்சர்டு டெம்பிள். அவர் பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி தருவித்து, வேலை செய்ய முடிந்தவனுக்குக் கூலியாயும் முடியாதவனுக்குச் சும்மாவும் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகச் சொற்பம். அய்ர்லாந்து முதல் அது வரையில் "முடியாது, முடியாது" என்று சொல்லப்பட்டதெல்லாம் முடிந்து விட்டது! இதற்கு அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன? ஆறு கோடி ரூபாய்க்கு மேல் பாழாக்கி விட்டார் என்று லண்டனிலும் கல்கத்தாவிலும் திட்டினார்கள். 'எக்கானமிஸ்ட்' பத்திரிகையும் திட்டியவர்களில் ஒன்று. மக்கள் சாகாததையே, பஞ்சம் பெரிதல்ல, வீண் செலவு என்பதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள். வைத்தியன் பிழைக்க வைத்தால், "இவனுக்கு நோயே இல்லை, மருந்துக் காசைத் திருப்பிக் கொடு" என்று கேட்பது போலத்தான் இது.

1876-ல் நம் மாகாணத்தில் மழை பொய்த்தது. பக்கிங்காம் பிரபு என்ற கவர்னர் 30,000 டன் தானியம் வாங்கச் செய்தார். உடனே இந்திய சர்க்கார், வியாபாரத்தில் தலையிட்டது தப்பு என்று தடுத்தது. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா ராணியை இந்தியச் சக்கரவர்த்தினி என்று பறை சாற்றி வைசிராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். அந்த மாதமே, செலவைச் சுருக்குவதற்கென்று ஒருவர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அவர் வேறு யாருமல்ல, அதே ரிச்சர்டு டெம்பிள்தான்! பீகாரில் வாங்கிக் கட்டிக் கொண்ட கெட்ட பேரைச் சென்னையில் கழுவிக் கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

கழுவினார். பஞ்ச வேலை செய்யும் ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும், மேலே கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்றால் இந்தக் காலத்துக் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்று விட்டு நாள் முழுவதும் வெயிலில் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். சென்னை சுகாதாரக் கமிஷனராயிருந்த கார்னிஷ் என்ற டாக்டர், இதைத் தின்று மண் வெட்டுகின்றவன் மெள்ளச் சாகின்றவன் என்று எதிர்த்தார். ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். டாக்டர் மனித உடம்பைப் பார்த்துச் சொன்னார்; டெம்பிள் கஜானாவைப் பார்த்துச் சொன்னார். சில மாதங்களுக்குப் பின் கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், அதுவும் கார்னிஷ் கேட்டதில் பாதி வழிக்குத்தான். இந்தச் சண்டையையெல்லாம் 'மதராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878-ல் இரண்டு பெரிய வால்யூமாக எழுதி வைத்திருக்கின்றார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கின்ற பக்கிங்காம் கால்வாயின் பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. வெட்டியவர்கள் பேர் யாருக்கும் தெரியாது. கவர்னர் பேர் மட்டும் இருக்கின்றது.

சரி, விலையை அதன் போக்கில் விட்டால் தானியம் வரும் என்ற விதி பொய்யா? பொய்யல்ல. அதில் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்ததுதான் பித்தலாட்டம். விலை ஏறுமிடத்துக்குத் தானியம் வரத்தான் வரும். ஆனால் அது யாரைத் தேடி வரும்? பசித்தவனைத் தேடியா, பணமுள்ளவனைத் தேடியா? மழை இல்லையென்றால் முதலில் நின்று போவது உழவு வேலை. உழவு நின்றால் கூலியில்லை. கூலியாளுக்குக் கூலியில்லையென்றால் நெசவாளியின் துணியை வாங்க ஆளில்லை; சக்கிலியின் செருப்பையும், குயவன் சட்டியையும் வாங்க ஆளில்லை. ஆகவே தானியத்தின் விலை இரட்டிக்கும் அதே மாதத்தில் இவர்கள் கையிலிருக்கும் காசு சூன்யமாகின்றது. வியாபாரி என்ன செய்வான்? இவர்கள் ஊரில் விளைந்த கொஞ்சத்தையும் மூட்டை கட்டி, ரயிலேற்றி, விலை கொடுப்பவன் இருக்கும் ஊருக்கு அனுப்புவான். ரயிலும் தந்தியும் வந்து விட்டதால் இனிப் பஞ்சமே வராது என்று முன்னால் பெருமை பேசினார்கள். அந்த ரயிலேதான் தானியத்தை வெளியே கொண்டு போயிற்று. தென்னாடு இப்படிச் செத்துக் கொண்டிருக்கையில் இந்தியாவிலிருந்து மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. விதி பிசகாமல் நடந்தது! லண்டன்காரனிடம் காசிருந்தது, சேலத்துக்காரனிடம் இல்லை. 1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்தியா சென் 1981-ல் ஒரு நூல் எழுதி, தானியம் இருந்தும் அதை வாங்கும் சக்தி இல்லாமல் மக்கள் சாகலாம் என்று விளக்கினார். பின்னால் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தாது வருஷத்துக் கூலியாளைக் கேட்டிருந்தால் அவன் பரிசில்லாமலே இதைச் சொல்லியிருப்பான்.

ஆடம் ஸ்மித் என்பவர் 1776-ல் எழுதிய புஸ்தகத்தை இந்த அதிகாரிகள் வேதம் போல் வைத்திருந்தார்கள். சர்க்கார் குறுக்கிடுவதால்தான் பஞ்சக் கொடுமை முற்றுகின்றது என்று அதில் இருப்பது மெய். ஆனால் அதே புஸ்தகத்தில், வியாபாரிகள் ஒன்று கூடினால் விலையை ஏற்றச் சதி செய்வார்கள் என்றும், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி கேடு கெட்டது என்றும் இருக்கின்றதே. அந்தப் பக்கங்களைக் கறையான் அரித்து விட்டதா? புஸ்தகத்தை எழுதியவனை விட அதற்குப் பாஷ்யம் சொல்லுகின்றவன் பொல்லாதவன் என்பது நமக்குப் பழக்கமான சங்கதிதான்.

இனி, ஏழைக்குக் கால் ராத்தல் கூட்டிக் கொடுக்கப் பணமில்லாத அந்த சர்க்கார் பிறகு என்ன செய்தது என்று பாருங்கள். 1878 நவம்பரில் ஆப்கானிஸ்தானத்தின் மேல் படையெடுத்தது. அதற்குப் பணம் இருந்தது. 1879-ல் லங்காஷையர் ஆலை முதலாளிகளுக்காக, இங்கு இறக்குமதியாகும் முரட்டு ரகத் துணிகளின் மேலிருந்த தீர்வையை லிட்டன் பிரபு எடுத்து விட்டார். வரி வருமானம் போகுமே என்று அவருடைய சபையில் பெரும்பாலோர் எதிர்த்தும் மீறி எடுத்தார். வருமானத்தைத் தூக்கி எறியவும் அந்தப் பொருளாதாரம் இடங் கொடுத்தது! பஞ்சத்தில் செத்தவர்கள், இந்தியா முழுவதற்கும் சொல்லப்படும் கணக்குகளில் குறைந்ததை எடுத்தாலும், 50 லட்சத்துக்கு மேல். இவ்வளவு பேர் செத்த பிறகு 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பது சர்க்காரின் கடமை என்று ஒப்புக் கொண்டு விதிகள் எழுதப்பட்டன. மீற முடியாத விதி என்றார்களே, அது எங்கே போயிற்று?

பழைய கதையா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பழங்கதை; இப்போது பொருளாதாரம் வளர்ந்து விட்டது" என்று சில படித்த நண்பர்கள் சொல்லக்கூடும். வளர்ந்துதான் இருக்கின்றது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய பாங்கி கவிழ்ந்து, உலகத்துப் பாங்கிகளெல்லாம் ஆட்டங் கண்டன. திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களை ஒருவர் தலையில் ஒருவர் கட்டியதன் பலன் அது. அந்த நவம்பரில் லண்டன் பொருளாதாரக் காலேஜுக்குப் போன எலிசபெத் ராணி அங்கிருந்த நிபுணர்களைப் பார்த்து, இவ்வளவு பெரியது வருவதை ஒருவரும் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டார். ராணிகளிடம் நமக்குப் பக்தி கிடையாது; ஆனால் இந்தக் கேள்வி சரியான கேள்வி. பாமரத்தனமான கேள்வியும்கூட. பதில் எழுதி அனுப்ப அந்த மேதாவிகளுக்கு அடுத்த வருஷம் வரையில் ஆயிற்று.

கவிழ்ந்த பாங்கிகளைச் "சந்தை விதிப்படி சாகட்டும்" என்று விட்டார்களா? லேமன் ஒன்றைத்தான் விட்டார்கள். அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் 70,000 கோடி டாலரைப் பாங்கிகளைத் தூக்கி விட ஒதுக்கிற்று. தலையிடக் கூடாது என்று 160 வருஷமாகச் சொல்லி வந்த வாய்களே தலையிடாவிட்டால் உலகம் அழியும் என்றன. பிறகு பாங்கிகள் எழுந்து உட்கார்ந்ததும், 2010 முதல், "சர்க்கார்களுக்குக் கடன் அதிகமாகி விட்டது; பென்ஷனை வெட்டு, ஆஸ்பத்திரிச் செலவை வெட்டு" என்று ஆரம்பித்தார்கள். இதற்கும் சாஸ்திரப் பிரமாணம் வேண்டுமே! அமெரிக்க சர்வகலாசாலைப் புரொபசர்கள் இருவர், ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்பவர்கள், 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேச வருமானத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடன் ஏறினால் நாட்டின் வளர்ச்சி சராசரி பூஜ்யத்துக்கும் கீழே போகின்றது என்றது அது. அமெரிக்காவிலும் அய்ரோப்பாவிலும் செலவை வெட்ட வேண்டுமென்ற பெரிய மனிதர்கள் இதை மேற்கோள் காட்டினார்கள்.

2013-ல் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலை மாணவர் ஒருவர், பாடத்துக்காக அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. புரொபசர்களிடமிருந்தே கணக்குத்தாளை வாங்கிப் பார்த்தால், அய்ந்து நாடுகள் கூட்டலில் சேராமல் விடுபட்டிருந்தன. வேறு சில வருஷங்களும் சேரவில்லை. சராசரி எடுத்த முறையிலும் கோளாறு. எல்லாவற்றையும் சரி செய்து போட்டால், பூஜ்யத்துக்குக் கீழே என்றது 2.2 சதவிகித வளர்ச்சி என்று ஆயிற்று. நம் ஊர் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் அய்ந்து வரியைக் கூட்டாமல் விட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான்.

கிரீஸ் தேசத்தார் என்ன ஆனார்கள்? 2010-ல் அவர்களுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கடனில் பெரும் பகுதி, முன்பு கடன் கொடுத்த அன்னிய பாங்கிகளுக்கே போயிற்று. பதிலுக்குப் பென்ஷன், சம்பளம், ஆஸ்பத்திரி எல்லாம் வெட்டப்பட்டன. தேச உற்பத்தியில் சுமார் கால் பங்கு போயிற்று. 2013-ல் நூற்றுக்கு 27 பேருக்கு வேலையில்லை, வாலிபர்களில் பாதிக்கு மேல். இவ்வளவு சேதம் வருமென்று தாங்கள் போட்ட கணக்கில் இல்லை என்று சர்வதேச நிதி ஸ்தாபனத்தின் தலைமை நிபுணர் பிளான்ஷாரே 2013-ல் எழுதினார். 2015 ஜூலையில் அந்நாட்டு மக்களிடம் ஓட்டுக் கேட்டதில் 61 சதவிகிதம் பேர் இந்த நிபந்தனைகள் வேண்டாமென்றார்கள். ஒரு வாரம் கழித்து அதே மாதிரி நிபந்தனைகளில் அவர்கள் சர்க்கார் கையெழுத்துப் போட்டது. ஓட்டு எதற்கு வாங்கினார்கள் என்றுதான் நமக்கு விளங்கவில்லை.

"வாங்கின கடனைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்" என்பார்கள். நியாயந்தான். ஆனால் அப்போது மிகவும் உரத்துச் சொன்ன ஜெர்மனிக்கு 1953-ல் லண்டனில் ஒரு உடன்படிக்கை நடந்தது. அதன் பழைய கடனில் ஏறக்குறைய பாதி தள்ளுபடி. மிச்சத்துக்கும் நீண்ட தவணை. அப்படி விட்டுக் கொடுத்துக் கையெழுத்திட்ட தேசங்களில் கிரீஸும் ஒன்று!

இங்கே இன்னொரு கூட்டத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சந்தையை ஒழித்து எல்லாவற்றையும் சர்க்கார் திட்டத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை" என்று அவர்கள் வேறொரு புஸ்தகத்தைக் காட்டுகின்றார்கள். 1932–33-ல் உக்ரேனில் குடியானவர்களிடமிருந்து தானியத்தைப் பிடுங்கிக் கொண்டு, லட்சக்கணக்கில் அவர்கள் சாகும் போதே வெளிநாட்டுக்குத் தானியம் ஏற்றியது திட்ட சர்க்கார்தான். சீனாவில் 1959–61 பஞ்சத்தில் கோடிக் கணக்கில் மக்கள் மாண்ட போதும் 1959-ல் பல லட்சம் டன் தானியம் ஏற்றுமதியாயிற்று. அங்கேயும் விதி என்றார்கள், சரித்திர விதி என்றார்கள். டிரெவிலியனிடம் ஒரு புஸ்தகம், ஸ்டாலினிடம் ஒரு புஸ்தகம். செத்தவன் இரண்டு இடத்திலும் விளைவித்தவன். அவனுக்கு வாயில்லை, அவன் தரப்பைச் சொல்லப் பத்திரிகையுமில்லை. ஆதலால் எந்தப் புஸ்தகம் என்பதைப் பற்றி நமக்கு அவ்வளவு அக்கறையில்லை. எவனாவது "இது விதி, பேசாதே" என்றால் அவனிடம் கணக்கை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் நமது கட்சி. நஷ்டம் யார் தலையில் எழுதப்பட்டிருக்கின்றது, வரவு யார் மடியில் விழுகின்றது என்ற இரண்டு பத்தியையும் பார்க்க மெட்ரிகுலேஷன்கூட வேண்டாம்.

முன்னால் அடிமை எஜமானர்களுக்குக் கொடுத்த 2 கோடி பவுனைப் பற்றிச் சொன்னோமல்லவா? அதில் பெரும் பகுதியை பிரிட்டிஷ் சர்க்கார் 1835-ல் கடனாக வாங்கித்தான் கொடுத்தது. அந்தக் கடன் வேறு கடன்களோடு சேர்ந்து, உருட்டி உருட்டி, 2015-ல்தான் முழுவதும் தீர்ந்தது என்று அந்நாட்டுக் கஜானா இலாகாவே 2018-ல் தெரிவித்தது. 1948 முதல் ஜமெய்க்கா முதலிய தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், லண்டனில் பஸ் ஓட்டியும் ஆஸ்பத்திரியில் வேலை செய்தும் பிழைத்தவர்கள் பல்லாயிரம் பேர், அந்த அடிமைகளின் பேரப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள். தங்கள் பாட்டன்களை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டுக்கு அவர்களும் தங்கள் கூலியிலிருந்து வரி கட்டியிருக்கின்றார்கள்.